பி.எஸ்சி. கணிதம்: பாடப்பட்டியலை எப்படிப் படிப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கல்லூரி விண்ணப்பத் தளத்தைத் திறந்தால், கணிதம் என்ற சொல் நாலைந்து இடத்தில் நிற்கும். பி.எஸ்சி. கணிதம், பி.எஸ்சி. கணிதம் கணினிப் பயன்பாட்டுடன், பி.எஸ்சி. புள்ளியியல். கொஞ்சம் வெளியே பார்த்தால் பி.ஸ்டாட்., பி.மேத்., பி.எஸ்.–எம்.எஸ். இதோடு மூன்று ஆண்டா நான்கு ஆண்டா என்ற குழப்பம் வேறு. சரி, பாடத்திட்டத்தையே பதிவிறக்கிப் பார்ப்போம் என்றால் அதிலும் விடை கிடைப்பதில்லை. ‘ரியல் அனாலிசிஸ்’, ‘அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா’ என்ற தலைப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று பிளஸ் டூ முடித்தவரால் ஊகிக்க முடியாது. வகைநுண்கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவராலும் முடியாது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கீழ் வரும் கல்லூரிகளில் கணிதப் பட்டப்படிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் எந்தப் பாடம் எதற்காக இருக்கிறது, பின்னால் அது எந்தக் கதவைத் திறக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஐந்து பகுதிகள்

பெரும்பாலான கல்லூரிகளில் பட்டப்படிப்பு ஆறு செமஸ்டர். ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும்.

1. பகுதி ஒன்று: தமிழ், அல்லது மாணவர் எடுக்கும் வேறு மொழி.
2. பகுதி இரண்டு: ஆங்கிலம்.
3. பகுதி மூன்று: முதன்மைப் பாடம், சார்புப் பாடம், விருப்பப் பாடம். மாணவர் வாயில் இவை மேஜர், அல்லைடு, எலெக்டிவ். கணித மாணவருக்கு அல்லைடு பெரும்பாலும் இயற்பியலோ புள்ளியியலோதான்.
4. பகுதி நான்கு: திறன் மேம்பாட்டுப் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, வேறு துறையிலிருந்து எடுக்கும் ஒரு பாடம் போன்றவை.
5. பகுதி ஐந்து: என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற செயல்பாடுகள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அந்தப் பாடத்துக்குப் போகிறது என்பதை ஒட்டி அமையும் எடை அது. வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் நடக்கும் மேஜர் பாடத்துக்கு நான்கோ ஐந்தோ கிரெடிட் வரும். பல பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 140 கிரெடிட் அளவில் நிற்கும். மதிப்பெண்ணில் வெளித்தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25. தேர்ச்சிக்கு 40 என்பது பரவலான முறை.

இந்தக் கணக்கில் ஒன்றை உற்றுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு மொத்தம் 30 மணி நேரம். பல கல்லூரிகளில் முதல் இரண்டு செமஸ்டர்களில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளுக்கு ஆறு மணி போய்விடும். அப்புறம் அல்லைடு. முதலாண்டில் மேஜர் கணிதத்துக்கு மிஞ்சுவது பத்து, பன்னிரண்டு மணி நேரம்தான். மொழிப்பாடம் வேண்டாம் என்பதல்ல இங்கே பேச்சு. ‘கணிதம் படிக்கிறேன்’ என்று சொல்லும் முதலாண்டு மாணவரின் வாரத்தில் கணிதம் பாதிகூட இல்லை என்பது தெரிந்தால், பாடத்தின் கனமெல்லாம் ஏன் மூன்றாம் ஆண்டில் வந்து குவிகிறது என்பது புரியும்.

மேஜருக்குள் மூன்று ஜாதி

பதினைந்து, பதினாறு மேஜர் பாடங்களின் பெயரைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று வகையாகப் பிரித்துவிடலாம்.

1. கணக்கிடும் பாடங்கள். இயற்கணிதமும் முக்கோணவியலும், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், பகுமுறை வடிவியல், வெக்டர் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், லாப்லாஸ் உருமாற்றம். பிளஸ் டூவின் நேரடித் தொடர்ச்சி இவை. முறையைக் கற்றுக்கொண்டு பயிற்சி எடுத்தால் மதிப்பெண் வரும்.
2. நிரூபிக்கும் பாடங்கள். மெய்யெண் பகுப்பாய்வு எனப்படும் ரியல் அனாலிசிஸ், நுண் இயற்கணிதம், நேரியல் இயற்கணிதம், கலப்பெண் பகுப்பாய்வு, எண் கோட்பாடு.
3. பயன்படுத்தும் பாடங்கள். நிலையியல், இயக்கவியல், செயல்முறை ஆராய்ச்சி, நிகழ்தகவும் புள்ளியியலும், எண்ணியல் முறைகள், கோட்டுருவியல்.

முதல் வகை பெரும்பாலும் முதல் மூன்று செமஸ்டர்களிலும், இரண்டாம் வகை ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர்களிலும் வரும். இந்த வரிசை தற்செயல் இல்லை, கணிதம் வளர்ந்த வரிசையே இதுதான். பகுமுறை வடிவியலை தெக்கார்த் 1637இல் வெளியிட்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் அதே நூற்றாண்டில் நுண்கணிதத்தைக் கட்டினார்கள். அது ஏன் சரியாக வேலை செய்கிறது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடும் வேலை கோஷி 1821இல் எழுதிய பாடநூலை ஒட்டித்தான் சூடு பிடித்தது. நுண் இயற்கணிதத்தின் குலக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்ட கால்வா 1832இல் இறந்துபோனார். ஆக, இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பா நடந்த தூரத்தை நம் மாணவர் ஆறு செமஸ்டரில் ஓடிக் கடக்கிறார். நான்காவது செமஸ்டருக்கு அப்புறம் மூச்சு வாங்குவதில் வியப்பில்லை.

ரியல் அனாலிசிஸ்: கணக்கு போடுவது நின்று கேள்வி கேட்பது தொடங்கும் இடம்

கணித மாணவர்களிடம் அரியர் எதில் என்று கேட்டால் அதிகம் காதில் விழும் பெயர் இது. ‘எல்லை, தொடர்ச்சி, வகையீடு எல்லாம் பிளஸ் டூவிலேயே படித்ததுதானே, மறுபடி எதற்கு?’ என்று தோன்றும். எதற்கு என்பதை ஒரே ஒரு கூட்டல் கணக்கால் காட்டிவிடலாம்.

இந்தத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்:

1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − 1/6 + …

முடிவில்லாமல் போகும் இது, போகப் போக 0.693 என்ற எண்ணை ஒட்டி நிற்கும். துல்லியமாகச் சொன்னால் 2இன் இயல் மடக்கை. இதே எண்களை வரிசை மட்டும் மாற்றி எழுதுவோம். ஒரு கூட்டல் எண், அடுத்து இரண்டு கழித்தல் எண்கள் என்ற முறையில்:

1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − 1/10 − 1/12 + …

எந்த எண்ணும் விடுபடவில்லை. எதுவும் இரண்டு முறை வரவில்லை. இப்போது பக்கத்தில் இருப்பதைச் சேர்த்துப் பாருங்கள். 1 − 1/2 என்பது 1/2. 1/3 − 1/6 என்பது 1/6. 1/5 − 1/10 என்பது 1/10. தொடர் இப்படி ஆகிறது:

1/2 − 1/4 + 1/6 − 1/8 + 1/10 − 1/12 + …

இது முதல் தொடரின் ஒவ்வொரு உறுப்பிலும் சரிபாதி. எனவே கூட்டுத்தொகையும் பாதி, அதாவது சுமார் 0.347. அதே எண்கள், வேறு வரிசை, வேறு விடை!

மளிகைக் கடை பில்லில் துவரம்பருப்பை மேலே எழுதினாலும் கீழே எழுதினாலும் தொகை ஒன்றுதான். முடிவுள்ள கூட்டலில் நாம் பழகிய அந்த விதி முடிவிலாக் கூட்டலுக்கு வந்ததும் கைவிட்டுவிடுகிறது. ஜெர்மன் கணிதவியலாளர் ரீமான் இன்னும் ஒரு படி மேலே போய்க் காட்டினார்: இந்த மாதிரித் தொடரை வரிசை மாற்றி நீங்கள் விரும்பும் எந்த எண்ணையும் வரவழைக்கலாம். 100 வேண்டுமா, வரும். −7 வேண்டுமா, அதுவும் வரும்.

அப்படியானால் எந்தத் தொடரை வரிசை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? முடிவிலாக் கூட்டலை உறுப்பு உறுப்பாக வகையிடலாமா, தொகையிடலாமா? பிளஸ் டூவில் இதையெல்லாம் கேட்காமலே செய்தோம். கேட்டுப் பதில் சொல்வதுதான் ரியல் அனாலிசிஸின் வேலை. அதற்கு முதலில் ‘ஒட்டி நிற்கும்’ என்று மேலே போகிறபோக்கில் சொன்ன சொல்லுக்குப் பொருள் வேண்டும். அதற்காக வருவதுதான் மாணவர்களைப் பயமுறுத்தும் எப்சிலான், அதாவது நெருக்கத்தின் அளவைக் குறிக்கும் எழுத்து. பேச்சுத் தமிழில் சொன்னால் அது ஒரு சவால் விளையாட்டு: ‘எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று நீ சொல், எத்தனையாவது உறுப்புக்கு அப்புறம் அந்த நெருக்கம் குலையவே குலையாது என்று நான் சொல்கிறேன்.’ நீ என்ன சொன்னாலும் என்னால் பதில் தர முடிந்தால், தொடர் அந்த எண்ணில் ஒருங்குகிறது. அவ்வளவுதான்.

கணினியில் கூட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரைக் கூட்டுங்கள். 5ஐத் தாண்ட 83 உறுப்புகள் ஆகும். 10ஐத் தாண்ட 12,367. 20ஐத் தாண்ட 27 கோடிக்கு மேல். திரையைப் பார்த்தால் எங்கோ நின்றுவிடும் போலத்தான் இருக்கும். ஆனால் அது நிற்காது. 1/3 + 1/4 என்பது 1/2ஐ விடப் பெரியது. அடுத்த நான்கு உறுப்புகளின் கூட்டலும் 1/2ஐ விடப் பெரியது. அதற்கடுத்த எட்டும் அப்படியே. 1/2, 1/2 என்று சேர்ந்துகொண்டே போவதால் எந்த எல்லையையும் தாண்டிவிடும். இரண்டு வரியில் முடிந்த இந்த நிரூபணம் எந்தக் கணினியாலும் காட்ட முடியாததைக் காட்டிவிட்டது.

குலம்: கோலத்தில் ஒளிந்திருக்கும் பாடம்

நுண் இயற்கணிதத்தின் முதல் சொல் ‘குலம்’. விதிகளாகப் படித்தால் வறட்சியாகத்தான் இருக்கும். சதுரமான ஒரு கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று சுற்றினாலும் அப்படியே இருக்கிறது. சும்மா விட்டாலும் இருக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல நான்கு அச்சுகளில் திருப்பினாலும் மாறவில்லை. ஆக எட்டு அசைவுகள். எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் கிடைப்பது அந்த எட்டில் ஒன்று. ஒவ்வொன்றையும் நேர்ப்படுத்த எதிர் அசைவும் அதற்குள்ளேயே உண்டு. இதுதான் குலம்.

வரிசை இங்கேயும் வேலையைக் காட்டும். ஒரு சதுரத் தாளின் மேல் இடது மூலையில் புள்ளி வையுங்கள். வலப்புறமாகக் கால் சுற்று சுற்றி, பிறகு இடவலமாகப் புரட்டினால் புள்ளி மறுபடி மேல் இடது மூலைக்கே வரும். முதலில் புரட்டிவிட்டுப் பிறகு சுற்றினால் கீழ் வலது மூலைக்குப் போகும். அசைவுகளை அடுத்தடுத்துச் செய்வதைத்தான் குலத்தில் பெருக்கல் என்கிறார்கள். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று ஐந்தாம் வகுப்பில் படித்த விதி எல்லா இடத்திலும் செல்லாது என்பதை விரலால் தொட்டுப் பார்க்கும் இடம் இது.

பிளஸ் டூ பழைய பாடநூலில் குலம் ஒரு பகுதியாகவே இருந்தது. இப்போதைய நூல் ஈருறுப்புச் செயலிகளோடு நின்றுகொள்கிறது. ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் ஏன் கிடையாது என்ற புகழ்பெற்ற கேள்விக்குக் கால்வா தந்த பதில் இந்தக் குலங்களில்தான் இருக்கிறது. ஆனால் நம் பி.எஸ்சி. அதற்கு முன்பே, குலமும், கூட்டல் பெருக்கல் இரண்டும் உள்ள வளையமும் அறிமுகமாகிற இடத்தில் நின்றுவிடும். பதில் எம்.எஸ்சி.யில்தான்.

நேரியல் இயற்கணிதம் பற்றி ஒரு குறை. தரவு அறிவியல், இயந்திரக் கற்றல் என்று எதைத் தொட்டாலும் அணிகளும் வெக்டர் வெளிகளும்தான் அடிப்படை. அப்படிப்பட்ட பாடம் பல பாடத்திட்டங்களில் கடைசி செமஸ்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டுக்கு வர வேண்டிய பாடம் அது.

பயன்படுத்தும் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கிடங்கிலிருந்து எந்த ரேஷன் கடைக்கு எத்தனை மூட்டை அனுப்பினால் செலவு குறையும் என்பது செயல்முறை ஆராய்ச்சியின் போக்குவரத்துக் கணக்கு. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து வர முடியுமா என்ற கேள்விக்கு 1736இல் ஆய்லர் தந்த பதில் கோட்டுருவியலின் தொடக்கம். மதிப்பெண் எடுக்கவும் இவை கைகொடுக்கும்.

பெயர் மாறினால் என்ன மாறும்?

கணிதம் கணினிப் பயன்பாட்டுடன் என்ற படிப்பில் அல்லைடுக்கும் சில எலெக்டிவ்களுக்கும் பதிலாக நிரல்மொழி, தரவுத்தளம் போன்றவை வரும். ஐடி வேலையை நினைப்பவருக்கு இது வசதிதான். ஆனால் அரசு வேலைக்குப் போகும்போது ஒரு சிக்கல் வரலாம். பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ள பெயரோடு அப்படியே பொருந்தாவிட்டால், அது பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்ற அரசாணை வேண்டும். சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் அந்த இணைத்தன்மை ஆணையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நிற்கும்போது கேட்பது தாமதம்.

பயிற்று மொழியும் கணக்கில் வரும். தமிழ்வழியில் படித்தவருக்குத் தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று பின்னர் திருத்தப்பட்டது. மறுபக்கம், ஐஐடிகளில் சேர எழுதும் ஜாம் போன்ற முதுநிலை நுழைவுத் தேர்வுகள் ஆங்கிலத்தில்தான். குலம், வளையம், களம் என்று படித்தவர் அவற்றின் ஆங்கிலப் பெயர்களையும் கூடவே எழுதிப் பழகிக்கொள்ள வேண்டும். கஷ்டமில்லை, ஒரு நோட்டில் இரண்டு பக்கம்.

மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா?

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைப்படி மூன்று ஆண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்கு ஆண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு எடுத்தவர் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவை எடுக்கலாம். நான்கு ஆண்டு முடித்தவருக்கு எம்.எஸ்சி. ஓராண்டாகச் சுருங்கும். டெல்லிப் பல்கலைக்கழகம் 2022இலேயே இந்த முறைக்கு மாறியது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகளில் மூன்று ஆண்டு முறையே தொடர்கிறது. ஆக, மாநிலக் கல்லூரியில் சேர்பவருக்கு 3 + 2 என்பதே வழி. மொத்தம் இரண்டு வழியிலும் ஐந்து ஆண்டுதான். எங்கே முறிக்கலாம் என்பதில்தான் வேறுபாடு.

2025 ஆகஸ்ட்டில் யுஜிசி வெளியிட்ட கணித வரைவுப் பாடத்திட்டம் சர்ச்சைக்குள்ளானதும் பட்டியலில் எதற்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியால்தான். பண்டைய இந்தியக் கணிதம் சார்ந்த பாடங்கள் அதில் இடம்பெற்றன. இயற்கணிதம், பகுப்பாய்வு போன்ற அடிப்படைகளுக்கான இடம் குறைகிறது என்று 900க்கும் மேற்பட்ட கணிதவியலாளர்களும் ஆய்வாளர்களும் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கேரளக் கணிதவியலாளர் சங்கமகிராமத்து மாதவனின் பள்ளி முடிவிலாத் தொடர்களில் செய்ததைச் சொல்லிக்கொடுப்பது அவசியமானதே. ஆனால் அந்தச் சாதனையின் உயரம் புரிய, தொடர் ஒருங்குவது என்றால் என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு மாதிரிக் கணிதப் படிப்புகள்

சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கொல்கத்தா பி.ஸ்டாட்., பெங்களூரு பி.மேத்., ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். ஆகியவை இன்னொரு உலகம். நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு. முக்கிய வேறுபாடு வரிசையில் இருக்கிறது. நம் கல்லூரிகளில் ஐந்தாவது செமஸ்டரில் வரும் நிரூபணக் கணிதம் சிறுசேரியிலும் பி.மேத்.திலும் முதலாண்டிலேயே தொடங்கிவிடும். ஐசரில் முதலில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பிறகு கணிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்தப் பாடம் எந்தக் கதவு?

1. பள்ளி ஆசிரியர்: பி.எஸ்சி.யுடன் இரண்டாண்டு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.எஸ்சி.யும் வேண்டும், இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருப்பது முக்கியம்.
2. ஐஐடி முதுநிலை: ஜாம் தேர்வு. 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். ரியல் அனாலிசிஸ், நேரியல் இயற்கணிதம், குலம், வகைக்கெழுச் சமன்பாடு ஆகியவற்றில்தான் கனம். மூன்றாம் ஆண்டில் நடத்தி முடிக்கும் முன்பே பிப்ரவரியில் தேர்வு வந்துவிடும் என்பது நம் மாணவர்களுக்கு உள்ள பெரிய சங்கடம்.
3. மத்தியப் பல்கலைக்கழகங்கள்: திருவாரூர், புதுச்சேரி போன்றவற்றின் எம்.எஸ்சி.க்குக் கியூட் முதுநிலைத் தேர்வு.
4. கல்லூரி ஆசிரியர்: எம்.எஸ்சி.யில் 55 விழுக்காடு, அதோடு நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வு.
5. காப்பீட்டுக் கணக்கியல், தரவு வேலைகள்: நிகழ்தகவு, புள்ளியியல், நிரலாக்கம். இந்தப் பக்கம் போக நினைப்பவர் அல்லைடாகப் புள்ளியியல் உள்ள கல்லூரியைத் தேடலாம்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

1. ரியல் அனாலிசிஸ் ஒரு செமஸ்டரா, இரண்டா? இரண்டு என்றால் நல்லது. நான்காவது செமஸ்டரில் அதற்கொரு முன்னுரைப் பாடம் இருந்தால் இன்னும் நல்லது.
2. நேரியல் இயற்கணிதம் எந்த செமஸ்டரில்?
3. எலெக்டிவ் என்று மூன்று பெயர் அச்சிட்டிருந்தாலும், உண்மையில் நடத்துவது எதை? பல கல்லூரிகளில் துறை முடிவு செய்த ஒன்றுதான் எல்லாருக்கும். சீனியர்களைக் கேட்டால் தெரிந்துவிடும்.
4. கல்லூரி தன்னாட்சியா? அப்படியானால் பாடத்திட்டம் அதனுடையது. பல்கலைக்கழகத் தளத்தில் இருப்பதைப் பார்த்துப் பயனில்லை.
5. கடந்த மூன்று ஆண்டு ரியல் அனாலிசிஸ் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். எல்லாக் கேள்வியும் ‘தேற்றத்தைக் கூறி நிரூபி’ என்றே இருந்தால், அங்கே நிரூபணத்தையும் மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்று அர்த்தம். பாடநூலில் இல்லாத ஒரு தொடரைக் கொடுத்து ‘இது ஒருங்குமா, காரணம் கூறு’ என்று ஒரு கேள்வியாவது இருந்தால், அந்தத் துறையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வினாத்தாள் எடுக்கிறார்.